முடிக்குள்ளே ஒரு சின்ன நாய்

ஒருத்தனுக்கு ஒரு தொழில் நன்றாகத் தெரிந்துவிட்டால், உலகத்தில் உள்ள மற்றத் தொழிலெல்லாம் அதற்குத் தம்பி முறை என்று நினைக்க ஆரம்பித்துவிடுவான். இது ஒரு நோய். எனக்கு நாற்பது வருஷமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அரை மணி நேரத்தில் குணமானது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன் (நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?). படிப்பு நாலாம் வகுப்பு. அதிலும் வகுப்புக்கு வெளியே முட்டி போட்ட நாள்தான் அதிகம். ஒரே ஒரு கிடாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு நடந்து வந்தவன் நான். இன்றைக்கு மூன்று மாடி வீடு, இரண்டு லாரி. எனக்குத் தராசு வேண்டாம். ஆட்டின் இடுப்பில் கையை வைத்தால் போதும், கறி எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவேன். இரண்டு மாதக் குட்டியைக் காட்டினால், வளர்ந்த பிறகு எவ்வளவு உயரம் நிற்கும் என்று கையை நீட்டிக் காட்டுவேன். சந்தையில் என் கை நின்ற இடத்தில்தான் ஆடு நிற்கும். ஆடே என் பேச்சைக் கேட்டுத்தான் வளர்கிறது என்று ஒரு காலத்தில் நானே நம்பினேன்.

என் மகள் கோமதி பள்ளிக்கூடத்தில் டீச்சர். (அவள் படித்த பெருமையில் பாதி என்னுடையது. மீதிப் பாதியையும் நானே எடுத்துக்கொண்டேன்.) மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை, மாதம் இரண்டு தடவை வந்து போவார். கோமதி வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். அப்பனுக்கு மூன்று மாடி இருக்கும்போது மகளுக்கு எதற்கு வாடகை வீடு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "எப்பா, மூணு மாடியிலயும் உங்க சத்தந்தான் கேக்கு" என்றுவிட்டாள்.

அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கு எதிரிலேயே, சண்முகம் அண்ணாச்சி வீட்டு மாடி. கீழே அவர் குடும்பம், பின்னால் அவருடைய தறிக்கூடம். அந்த மாடியில் தினமும் தண்ணீர் வரும். எங்கள் ஊரில் தினமும் தண்ணீர் வருகிற வீடு கிடைப்பது, குடிக்காத மாப்பிள்ளை கிடைப்பதைவிடக் கஷ்டம். ஆறு மாதம் நாயாக அலைந்து பிடித்தோம்.

பிறகு நிஜமாகவே நாய் வந்தது.

மாப்பிள்ளை மதுரையிலிருந்து கொண்டுவந்தார். மனைவி தனியாக இருக்கிறாளே என்று துணைக்கு. ஜாங்கிரி நிறம், உடம்பு முழுக்கச் சுருள் சுருளாக முடி. கோமதி பார்த்ததுமே ஜாங்கிரி என்று பேர் வைத்துவிட்டாள். பூடிலும் லேப்ரடாரும் கலந்த இரண்டு மாதக் குட்டியாம். எங்கள் தெருவில் கிடக்கிற அத்தனை நாயும் கலப்புதான், ஒன்றையாவது யாராவது மடியில் வைத்துக் கொஞ்சினார்களா? தெருவில் பிறந்தால் சொறிநாய், விலை சொல்லி விற்றால் ஃபாரின் நாய். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட இவ்வளவு குலம் கோத்திரம் விசாரித்திருக்க மாட்டார் மாப்பிள்ளை.

சண்முகம் அண்ணாச்சி மெதுவாக மாடிப்படியில் ஏறி வந்து பார்த்தார். நல்ல மனிதர், குள்ளமான மனிதர், ஆனால் வீட்டுக்காரர்.

"ஏ மக்கா, நாய் வேண்டாம்னு சொல்லல. சின்னதுன்னா இருந்துட்டுப் போவட்டும். பெருசுன்னா ஆவாது. கீழ தறி ஓடுது, நூல் கெடக்கு. இது எம்புட்டு வளரும்?"

"டாக்டரம்மாட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன் மாமா" என்றாள் கோமதி.

எனக்குச் சுருக்கென்றது. ஊரே என்னிடம் கேட்கிற கேள்வியை என் மகள் வேறு ஆளிடம் கேட்பதா? இருந்தாலும் கூடவே போனேன், டாக்டர் எங்கே சறுக்குகிறார் என்று பார்க்க.

கால்நடை மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மாவுக்கு கோமதியின் வயதுதான் இருக்கும். குட்டிக்கு ஊசி போட்டுவிட்டு, அதன் பாதத்தைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்தார்.

"தாயும் தகப்பனும் எவ்வளவு பெருசுன்னு தெரியுமா?"

கோமதி போனில் ஒரு படத்தைக் காட்டினாள். சோபாவில் ஒரு பூடில் உட்கார்ந்திருந்தது. "இது தாய். தகப்பன் லேப்ரடார்."

"பூடில்ல சின்னது, நடுத்தரம், பெருசுன்னு அளவு இருக்கு. படத்துல பாத்துச் சொல்ல முடியாதும்மா. வித்தவங்ககிட்ட தாயோட எடை கேளுங்க. கலப்புக் குட்டி யாரைக் கொண்டு வளரும்னு முன்னாடியே சொல்றது கஷ்டம். நாலு நாலரை மாசத்துல தூக்கிட்டு வாங்க, எடை போடுவோம். அப்ப இருக்கறதப்போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு வரும்னு வச்சுக்கலாம். ஆனா பாதத்தைப் பாத்தா, இது பெருசாத்தான் வரும்னு தோணுது."

நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

"டாக்டரம்மா, பாதம் பெருசா இருக்குன்னா என்ன அர்த்தம்? அது மொதல்லயே வளந்து முடிஞ்சிட்டு. வளர வேண்டியதுல பாதி தீந்துபோச்சு. இனி என்ன இருக்கு வளர?"

டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நோயாளி நாயா, நானா என்கிற பார்வை.

திரும்பி வந்ததும் நேரே சண்முகம் அண்ணாச்சியிடம் போனேன். தறிக்கூடத்தில் பத்துப் பேர் நிற்கிறார்கள். பத்துப் பேர் நின்றால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"அண்ணாச்சி, கேட்டுக்கோங்க. பூடில்னா பூனை அளவு, நான் மதுரையில ஒரு வீட்டுல பாத்திருக்கேன். லேப்ரடார் தொடை அளவு. குட்டைப் பள்ளையாட்டையும் நெட்டைக் கன்னியாட்டையும் சேத்தா குட்டி எங்கன நிக்கும்? நெட்டைக்கும் குட்டைக்கும் நடுவுல. அப்ப இது? முழங்காலுக்குக் கீழ. ஒரு விரக்கடை கூடாது."

"கூடுனா?"

"கூடுனா எம்மவ வீட்டைக் காலி பண்ணிருவா."

மகளைக் கேட்டேனா? கேட்கவில்லை. பந்தயம் கட்டுகிற சுகமே அடுத்தவர் பொருளை வைத்துக் கட்டுவதில்தான் இருக்கிறது. கோமதி மாடிப்படியில் நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தத்தை நான் புரிந்துகொள்ள ஆறு மாதம் ஆனது.

நாலரை மாதத்தில் ஜாங்கிரியைத் தூக்கி எடை போட வேண்டும் என்று கோமதி ஞாபகப்படுத்தினாள். "தேவையில்ல" என்றேன். ஆறாவது மாதத்தில் தூக்க நினைத்தோம், தூக்க முடியவில்லை. அதுதான் எங்களைத் தூக்கியது. எட்டாவது மாதம், மாடிப்படியில் அது இறங்கி வந்தால் எதிரே ஏறுகிறவர் இறங்கி வழிவிட வேண்டும். பால்காரர் கீழே நின்றே கூப்பிட ஆரம்பித்தார். நான் வருகிறபோதெல்லாம் சண்முகம் அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் நாயையும் தன் முழங்காலையும் மாறி மாறிப் பார்ப்பார்.

ஒரு நாள் பேசிவிட்டார். "அண்ணாச்சி, வாக்கு வாக்குதான?"

"எப்பா, மறுபடி உங்க மாடிக்கே வரணுமாக்கும்?" என்றாள் கோமதி. குரலில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது. பெற்ற அப்பன் வீட்டுக்கு வர ஒரு பெண் இப்படிப் பயப்படுவாளா?

தூங்காமல் யோசித்ததில் விடை பளிச்சென்று வந்தது. எல்லாம் முடி!

சொல்கிறேன் கேளுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில், வடக்கேயிருந்து வந்த ஒரு கம்பளி ஆட்டைப் பார்த்து மயங்கி வாங்கினேன். காளை மாதிரி இருந்தது. முடியைக் கத்தரித்தால் உள்ளே கோழி மாதிரி ஒரு ஆடு நடுங்கிக்கொண்டு நிற்கிறது. அன்றைக்குக் கற்ற பாடம்: முடியைப் பார்த்து உருவத்தை எடை போடாதே. ஜாங்கிரியின் முடியோ காது எது, கால் எது என்று தெரியாத முடி. என் கணக்கு சரிதான். முழங்கால் உயர நாய் ஒன்று அந்தக் கம்பளத்துக்குள்ளே எங்கேயோ இருக்கிறது. வெளியே எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

"ஞாயித்துக்கெழம காலையில உங்க வீட்டு முத்தத்துலயே வச்சு முடியை எடுக்கேன் அண்ணாச்சி. எல்லாரும் பாக்கட்டும்."

கோமதி சொன்னாள், "எப்பா, முடி மேலயும் பக்கத்துலயும்தான இருக்கு. காலுக்கு அடியிலயா இருக்கு, உயரம் கொறையுறதுக்கு?"

டீச்சர் அல்லவா, அப்படித்தான் பேசுவாள் என்று விட்டுவிட்டேன்.

திருவேங்கடம் ஊர்ப் பக்கத்திலிருந்து கருப்பசாமியை வரவழைத்தேன். கம்பளி ஆட்டுக்கு முடி கத்தரிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. நீளக் கத்தரியோடு வந்தவன், ஜாங்கிரியைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றான்.

"அண்ணாச்சி, இதுக்குக் கொம்பு எங்கன?"

"லே, அது நாய்."

"நாயா! யாரு சொன்னா?"

தறிக்காரர்கள் டீக்கிளாசோடு வெளியே வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாடியில் ஆட்கள். சண்முகம் அண்ணாச்சி சுவரோரம் நின்று தன் முழங்காலுக்கு நேரே சாக்பீஸால் கோடு இழுத்தார். அங்கேயே சண்டை.

"அண்ணாச்சி, நான் சொன்னது என் முழங்காலை. உங்க முழங்கால் எனக்குக் கெண்டைக்காலுக்குல்லா வருது."

"வீடு யாரு வீடுவே? அப்ப முழங்காலும் வீட்டுக்காரன் முழங்கால்தான்."

கூட்டம் அவர் பக்கம் சேர்ந்தது. சரி, இரண்டு கோடு போட்டோம். மேலே என்னுடையது.

கருப்பசாமி ஆட்டைச் சாய்ப்பதுபோல ஜாங்கிரியைச் சாய்த்து, மேலே முழங்காலை ஊன்றினான். ஆடாக இருந்தால் திமிறும். இது விளையாட்டு என்று நினைத்து அவன் முகத்தை நக்கியது. அவன் கத்தரிக்கக் கத்தரிக்க அது வாலை ஆட்டியது. முடி விழுந்தது, குவிந்தது, மேடானது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாருங்க! நல்லாப் பாருங்க! பாதி நாய் இங்கனயே கெடக்கு! இன்னும் பத்து நிமிஷத்துல மிச்சத்தை மடியில வச்சுக்கிடலாம்!"

கருப்பசாமி எழுந்து விலகினான். ஜாங்கிரி உடம்பை உதறிக்கொண்டு நின்றது. நின்றது என்றால் ஒரேயடியாக நின்றுவிடவில்லை. முதலில் பின்கால் எழுந்தது. பிறகு முன்கால் எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. அத்தனை நாளும் முடிக்குள் ஒளிந்திருந்த கால்கள், ஏணி மாதிரி நாலு கால்கள், ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. முடி இருந்தவரைக்கும் குண்டு நாய் என்றாவது சொல்லலாம். இப்போது நெட்டை நாய். சண்முகம் அண்ணாச்சியின் கோட்டைத் தாண்டி, என் கோட்டையும் தாண்டி, முதுகு என் தொடையில் வந்து உரசியது.

தறிக்காரர் ஒருவர் சொன்னார்:

"அண்ணாச்சி, இன்னொருக்க வெட்டுனீங்கன்னா குதிரையாயிரும். நிப்பாட்டிக்கோங்க."

அவ்வளவுதான். சிரிப்பு கீழேயிருந்து மாடிக்குப் போய், மாடியிலிருந்து தெருவுக்குப் போனது. பாரம் குறைந்த சந்தோஷத்தில் ஜாங்கிரி முற்றத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் தறிக்கூடத்துக்குள் பாய்ந்தது. உள்ளே படபடவென்று ஓடிக்கொண்டிருந்த தறிகளில் இரண்டு நின்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. திரும்பி வந்தபோது அதன் கழுத்திலும் காலிலும் நூல். கல்யாண மாப்பிள்ளை மாலையோடு வருவதுபோல வந்து, நேரே என் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்தது. முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அதன் கண்ணைப் பார்த்தேன். அதிலும் எனக்கு மரியாதை தெரியவில்லை.

சண்முகம் அண்ணாச்சி சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது. "கோமதி மாடியில இருக்கட்டும் அண்ணாச்சி. அவ வாக்குக் குடுக்கல. குடுத்தவரு நாயைக் கூட்டிட்டுப் போவட்டும்" என்றார்.

கோமதி கயிற்றை என் கையில் கொடுத்தாள். அழுதாள். நாய்க்காகத்தான் அழுதாள், எனக்காக இல்லை.

கத்தரி பட்டு அதன் காதில் லேசான காயம். வீட்டுக்குப் போகிற வழியில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா மருந்து போட்டார். எடை போட்டார். அன்றைக்குப் பாதத்தை வைத்து நான் சொன்ன கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை (படித்தவர்களிடம் இந்தக் கெட்ட குணம் உண்டு, சொல்லிக்காட்டாமலே கொல்வார்கள்). நானாகவே கேட்டேன்.

"டாக்டரம்மா, வளந்து முடிஞ்சிட்டுல்லா?"

"எட்டு மாசம்தான ஐயா ஆகுது? இன்னும் கொஞ்சம் வளரும்."

தெரு முழுக்க நாற்பது வருஷமாக என்னைப் பார்த்துக் கும்பிட்டவர்கள் அன்றைக்கு நாயைத்தான் பார்த்தார்கள். வீட்டு வாசலில் என் மனைவி ராமலட்சுமி நின்றிருந்தாள். அதன் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "சின்ன நாயின்னீங்களே, அது பின்னால வருதாக்கும்?" என்றாள்.

ஜாங்கிரி இப்போது மூன்றாவது மாடியில் இருக்கிறது. நான் கீழே இருக்கிறேன். கோமதி தினமும் பள்ளி விட்டதும் வருகிறாள், நேரே மேலே போய்விடுகிறாள். சந்தையில் ஒரு குட்டியைத் தொட்டு நான் அளவு சொன்னால், எதிரே நிற்கிறவன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "முடியோடயா அண்ணாச்சி, முடி இல்லாமலா?" என்கிறான். நேற்று மீசை முளைத்த பயல்கூடக் கேட்கிறான்.

கோமதிக்கு அதற்குப் பிறகு ஒரு மகன் பிறந்தான். போன மாதம் அவனுக்கு முதல் மொட்டை. குலசாமி கோயிலில் தாய்மாமனான என் மகன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தாயிற்று. நாவிதர் தண்ணீரைத் தொட்டு, கத்தியைத் தலைப்பக்கம் கொண்டு போனார். அந்த நேரம் பார்த்து, சொந்தபந்தம் அத்தனையும் நிற்க, ராமலட்சுமி சத்தமாகச் சொன்னாள்:

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. முடியை எடுத்ததும் பிள்ளை எந்திரிப்பான். எங்க வீட்டுக்காரரு கணக்குப்படி எம்புட்டு உயரம் எந்திரிப்பான்னு தெரியாது."

பிள்ளையின் மொட்டை முடிகிறவரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கத்தி நடுங்குகிறது என்று நாவிதர் இரண்டு தடவை நிறுத்தினார்.