அக்காவுக்கு வருஷத்தில் இரண்டு பிறந்தநாள்

ரேடியோவின் முதுகைத் திறந்து பார்க்கும் பிள்ளையைக் கண்டதும், "இது இஞ்சினியர் ஆகும்லா" என்று தட்டிக்கொடுக்கும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கு இரண்டு போடவேண்டும். என்னைக் கெடுத்தவர்கள் அவர்கள்தான்.

பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து எஸ்டேட்டில் எங்கள் வீடு. எனக்குப் பதின்மூன்று வயது. அதற்குள் அப்பாவின் டார்ச்லைட்டும் அம்மாவின் இஸ்திரிப் பெட்டியும் என் கையால் மோட்சம் அடைந்திருந்தன. அடுத்து, திறந்தால் பாடும் பிறந்தநாள் வாழ்த்து அட்டை ஒன்று கிடைத்தது. விடுவேனா? அதன் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருந்ததைப் பழைய கேசட் ரேடியோவோடு இணைத்து, ரேடியோவை உள்ளறை அலமாரிமேல் வைத்து, பால் டின் தகட்டில் சுவிட்சு செய்து வாசலில் மாட்டினேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே முதல் காலிங் பெல்! (யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.)

அந்த வாரம்தான் கோல சிலாங்கூரிலிருந்து ஏஞ்சலின் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் வருவதாகச் சொன்ன வேறொரு மாப்பிள்ளை வீடு வராமலே போயிருந்தது. அதிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

"இதுவும் கெட்டுச்சு, உன் தோல உரிச்சிடுவேன்" என்று அம்மா என்னை மட்டும் எச்சரித்தார். வீட்டில் அப்பாவும் அக்காவும்கூட இருந்தார்கள், ஆனால் என்னை மட்டும்.

கதவு திறந்திருந்தால் பெல்லை யார் அழுத்துவார்கள்? வேன் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திய ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மாப்பிள்ளையின் அம்மா எங்கள் சம்பந்தி அத்தை ஆவதற்கு முன்பே பலசாலி. அவர் அழுத்திய அழுத்தில் தகடு வளைந்து ஒட்டிக்கொண்டது. பிறந்தநாள் பாட்டு ஊரைக் கூட்டியது. வந்தார்கள், உட்கார்ந்தார்கள். பாட்டு நிற்கவில்லை.

"யாருக்குப் பொறந்தநாளு?" என்றார் அத்தை.

எங்கள் அப்பா வேதக்கோயில் மூப்பர், சபைக்குப் பெரியவர். பொய் சொன்னால் எங்களுக்குப் பிரம்படி. அவர் வேர்த்து விறுவிறுத்து என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"எம் மவளுக்குத்தான். இன்னைக்குத்தான்."

"அட! நல்ல நாள்லதான் வந்திருக்கோம். உபதேசியாரே, பிள்ளைக்கு ஒரு ஜெபம் பண்ணுங்க."

எங்கள் கோயில் உபதேசியார்தான் இந்தச் சம்பந்தத்தைப் பேசி, அவர்கள் வேனிலேயே கூட வந்தவர். அக்கா நவம்பரில் பிறந்தவள் என்பதும் அவருக்குத் தெரியும். அன்றைக்கோ ஜூன் மாதம். எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடிவிட்டார்கள். இனி ஆமென் சொல்லும்வரை எவரும் அசையக்கூடாது, நானும்தான்.

"ஆண்டவரே... இந்தப் பிள்ளை... இன்று..." அவர் இருமினார். "நீர் எல்லாம் அறிந்தவர், ஆண்டவரே..."

பாட்டு நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ தொடங்கியபோது உள்ளறையில் 'டமார்' என்றது. பட்டுப்புடவையோடு கட்டில்மேல் ஏறி, அலமாரி உச்சியில் இருந்த ரேடியோவை அக்கா செருப்பால் அடித்திருந்தாள். பாட்டு நின்றது.

"ஆமென்" என்றார் உபதேசியார். அவ்வளவு உருக்கமான ஆமெனை நான் பிறகு கேட்டதில்லை.

கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் அத்தை கேக் செய்து, எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு அக்காவை வெட்டவைப்பார். நவம்பரில் அக்கா "அம்மா வீட்டுக்குப் போறேன்" என்று வந்து திருட்டுத்தனமாக இன்னொன்று வெட்டுவாள். அக்கா வீட்டுக்காரரான மாமாவுக்கு எல்லாம் தெரியும், ஆனால் அவர் தன் அம்மாவுக்குப் பயந்தவர்.

போன ஜூனில் அக்காவுக்கே தாங்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "அத்த, எனக்கு உண்மையில நவம்பர்லதான் பொறந்தநாளு."

அத்தை பதறவில்லை. "தெரியும்லா. உபதேசியாரு அன்னைக்கே வேன்ல ஏறுனதும் அழாத குறையா சொல்லிட்டாரு."

"பின்ன ஏன் இத்தன வருஷம்?"

"மூப்பர் வாயில உண்மை எப்ப வரும்னு பார்த்தேன். கேக்குதான் உள்ள போச்சு."

அப்பா வாயில் அப்போது ஒரு பெரிய துண்டு இருந்தது. மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

அத்தை வீட்டு வாசலில் கடையில் வாங்கிய நல்ல பெல் இருக்கிறது. நான் வருகிறேன் என்று தெரிந்தால் மட்டும் கதவை அகலத் திறந்து வைத்து, தானே வாசலில் வந்து நிற்கிறார்.

"அதுல கைய வச்சிடாத தாயி. இந்த வயசுல எனக்கும் ரெண்டு பொறந்தநாளு வேணாம்."