ஹலோக்காரர் வாசித்த பைபிள்

உலகத்திலேயே ஆதாமுக்கு மைக்கில் இரங்கல் அறிவிப்புச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் ஹலோக்காரர்தான். நானே என் காதால் கேட்டேன். கேட்ட அதிர்ச்சியில் கட்டிலிலிருந்து கீழே விழுந்தேன்.

மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவில், உப்பளத்தை ஒட்டிய ஓர் ஊரில் நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். மாதா கோயிலுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தேன். அவ்வளவு காற்றோட்டமான வீடு ஏன் யாரும் வராமல் காலியாகக் கிடந்தது என்று குடிபோன மறுநாள் விடிவதற்குள் தெரிந்துவிட்டது. கோயில் கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கர் நேராக என் ஜன்னலுக்குள் வாயை வைத்துக்கொண்டிருந்தது.

அந்த ஸ்பீக்கரும் அதற்குரிய மைக்கும் ஹலோக்காரருடையவை. ஊருக்கே ஒரே மைக்செட் அவருடையதுதான். ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் அறிவிப்புச் சொல்வதுதான் பிழைப்பு. ரேஷன் கடையில் பாமாயில் வந்தாலும் சரி, கோயில் திருவிழா என்றாலும் சரி, யாராவது இறந்தாலும் சரி, அவர் வாயிலிருந்து வந்தால்தான் ஊர் நம்பும். எதைச் சொல்வதற்கும் முன்னால் மைக்கை இரண்டு தட்டுத் தட்டி "ஹலோ, ஹலோ" என்பார். அந்தப் பழக்கம் முற்றிப்போய், மைக் இல்லாத இடத்திலும் எதையாவது தட்டாமல் அவருக்குப் பேச்சு வராது. டீக்கடையில் கிளாஸைத் தட்டுவார். வீட்டில் சாப்பிடும்போது தட்டைத் தட்டி, "ஹலோ, ஹலோ... ரசம்" என்பாராம். அவர் மனைவி பிலோமினா அக்காவே சொல்லிச் சிரித்தது இது.

அவரிடம் இரண்டே குரல்கள்தான் உண்டு. ஒன்று சாவுக்கு, மற்றது ஆடித் தள்ளுபடிக்கு. ஒருமுறை ஒரே நாளில் இரண்டு வேலையும் வந்து, ஜவுளிக்கடைத் தள்ளுபடியைச் சாவுக் குரலில் சொல்லிவிட்டார். கடைக்காரரே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்து ஊரே மாலையோடு போனது. போனவர்கள் சும்மா திரும்ப மனமில்லாமல் ஆளுக்கொரு துண்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

இப்படிப்பட்டவர் பைபிள் வாசிக்க வந்தது புதிதாக வந்த ஃபாதரால். இளம் வயது ஃபாதர். கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் எல்லோரும் சேர்ந்து பைபிளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. மாலையில் கோயிலில் கூடுவோம் என்று அறிவித்தார். உப்பளத்தில் வேலை முடித்து வந்த சனம் எங்கே கூடும்? வந்த சிலரும் முதல் பக்கத்திலேயே தூங்கினார்கள்.

ஹலோக்காரர்தான் யோசனை சொன்னார். "ஜனங்க வரலன்னா நாம போவோம் ஃபாதர். குழா சும்மாதான தொங்குது?"

அடுத்த வாரமே ஆரம்பித்தது. உப்பளத்துக்குப் போகிறவர்கள் வெயில் ஏறுவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் நாளுக்கு ஓர் அதிகாரம். உப்பளத்தில் மரமா, சுவரா? தடுக்க ஒன்றுமில்லாமல் அவர் குரல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை போகும்.

ஆதாம் இறந்தது முதல் வாரத்தில். ஹலோக்காரர் பழக்க தோஷத்தில், "ஆதாம் அவர்கள் இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்றார். நான் கட்டிலிலிருந்து விழுந்தது அப்போதுதான். பக்கத்து வீட்டம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தார். "யாரு சார் செத்தது?"

"ஆதாம்."

"ஐயையோ, எந்தத் தெரு?"

அந்த அதிகாரம் முழுக்கவே அவனவன் நூற்றுக்கணக்கான வருஷம் வாழ்வதும் சாவதும்தான். ஹலோக்காரருக்கு விருந்து. தொள்ளாயிரத்துச் சொச்சம் வயதில் இறந்த கிழவர் ஒருவரை, "அகால மரணமடைந்தார்" என்று சொல்லிவிட்டார். ஃபாதர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்த வயசுல போனது எப்படிங்க அகாலம்?"

"அவங்க வீட்டுக்காரங்களுக்கு அகாலம்தானே ஃபாதர்" என்றார் ஹலோக்காரர்.

பெருவெள்ளம் வந்த அன்று நடந்ததுதான் பெரிய கூத்து. நல்ல உப்புக் காலம். நாற்பது நாள் மழை பெய்யும் என்று தள்ளுபடிக் குரலில் அவர் முழங்க, உப்பளத்தில் பாதிப்பேர் வேலையைப் போட்டுவிட்டு உப்புக் குவியலை மூடக் கீற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வானத்தில் ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. உப்பளக்காரர் ஒருவர் ஃபாதரிடம் நேரிலேயே வந்து கேட்டுக்கொண்டார்: "சீசன் முடியற வரிக்கும் மழைக் கதை வேணாங்க."

ஆனால் சனம் அந்தக் கதையில் விழுந்துவிட்டது. பாத்தியில் உப்பு வாருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்துக்கள். அவர்களுக்கு இது தினம் வரும் சீரியல். அவர்களுக்குத் தலைவி அஞ்சலை. வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவள். எரிகிற ஊரைத் திரும்பிப் பார்த்த பாவத்துக்கு ஒருத்தி உப்புத் தூணாகிப்போன கதையைக் கேட்டுவிட்டு, வேலை முடிந்து வந்த கையோடு ஹலோக்காரரை மடக்கினாள்.

"ஏண்ணா, அந்தப் பொம்பள வாழ்ந்த வீடு எரியுது. திரும்பிப் பாக்காம எப்படிண்ணா போவா? நீ கொஞ்சம் சொல்லக்கூடாது?"

"நான் என்னாம்மா சொல்றது, நான் வாசிக்கிறவன்."

"அப்ப நாளைக்காவது நல்லதா வாசி."

நாளைக்கு என்ன வரும் என்று ஹலோக்காரருக்கே தெரியாது. முன்கூட்டிப் படித்துவைக்க மாட்டார். முடிவு தெரிந்துவிட்டால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவருடைய தொழில் ரகசியம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஃபாதரிடம் ஒரு பைபிள் வாங்கி வந்து ரகசியமாக முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் சேவியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹலோக்காரரின் ஒரே மகன். மைக்செட்டை அவன் எடுத்து நடத்த வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. "ஊர்ச் சாவையெல்லாம் கூவிப் பொழைக்கிற பொழப்பு எனக்கு வேணாம்" என்று ஒருநாள் தெருவில் நின்று சொல்லிவிட்டான். "அப்ப என் வாசல்ல கால வெக்காத" என்று இவரும் சொல்லிவிட்டார். அவன் கீழ்புத்துப்பட்டில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு அப்பனும் மகனும் பேசவில்லை. பிலோமினா அக்கா மட்டும் துணிக்கடைக்குப் போவதாகச் சொல்லி பஸ் ஏறி அவனைப் பார்த்துவிட்டு வருவார். எங்கே போய் வருகிறார் என்று ஹலோக்காரருக்குத் தெரியும். தெரியாததுபோல, தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டுக் கேட்பார்.

"ஹலோ... பஸ்ஸு எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் எளச்சுதான் இருந்துச்சு. இருமல் விட்டுடுச்சு."

"சரியா சாப்புடுதா?"

"சாப்புடுது. மீன் கொழம்பு குடுத்துட்டு வந்தேன்."

"ம்" என்பார். பஸ்ஸைப் பற்றிய பேச்சு அதோடு முடியும்.

வாசிப்பு ராஜாக்களின் கதைக்கு வந்தது. தாவீது ராஜாவை அவர் மகன் அப்சலோமே எதிர்த்துக் கிளம்பினான். ராஜா செருப்புக்கூட இல்லாமல், அழுதுகொண்டே ஊரைவிட்டு மலையேறிப் போனதை ஹலோக்காரர் வாசித்த அன்று இரண்டு குரல்களில் எதுவும் வரவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்றார். ராஜா ஆற்றைக் கடந்து அக்கரையில் தங்கியது வரை வந்தாயிற்று.

"அந்தப் புள்ள என்னாண்ணா ஆவான்? அப்பனும் புள்ளையும் ஒண்ணு சேருவாங்களா?" என்று கேட்டாள் அஞ்சலை.

"சேருவாங்கம்மா. சேராம எங்க போவாங்க?" என்றார் ஹலோக்காரர்.

எனக்கு அடுத்த அதிகாரம் தெரியும்.

அன்று மாலை, வேலை முடித்து பைக்கில் போய்க்கொண்டிருந்த சேவியர்மீது ஈ.சி.ஆர் சாலையில் ஒரு வேன் மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டான்.

ஊரில் ஒவ்வொரு சாவுக்கும் முதலில் கேட்கும் குரல் அன்று கேட்கவில்லை. ஹலோக்காரர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். மைக்கைக் கையில் எடுத்தார். தட்டினார். "ஹலோ" என்றார். அவ்வளவுதான். ஃபாதர் போய் மைக்கை வாங்கி வைத்துவிட்டு அவரைக் கைத்தாங்கலாக இறக்கினார். வெளியூரிலிருந்து வேறொரு மைக்செட் ஆளை வரவழைத்தார்கள். அந்த மனிதர் பையனின் பெயரைச் 'சேகர்' என்று சொல்லிக்கொண்டே தெருவெல்லாம் போனார். வாசலில் உட்கார்ந்திருந்த ஹலோக்காரர் ஒவ்வொரு முறையும், "சேவியரு... சேவியரு" என்று மெதுவாகத் திருத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்திலிருந்த எனக்கு மட்டும்தான் அது கேட்டது.

அதற்குப் பிறகு கோபுரத்துக் குழாய் பேசவில்லை. காலையில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று முன்பு எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். இப்போது அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். படுத்தபடியே எதிர்க்கோயிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மழைக்காலம் போய் மறுபடியும் பாத்தி கட்டும் வேலை தொடங்கியபோது அஞ்சலை ஹலோக்காரர் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். வந்தவள் சுற்றிவளைக்கவில்லை.

"அந்த ராஜாவ ஆத்துக்கு அக்கரையில உட்டுட்டியேண்ணா. பாவம், அங்கியே நின்னுனு இருக்காரு."

ஹலோக்காரர் தரையைப் பார்த்தார். "இனிமே என்னால ஆவாதும்மா."

உள்ளேயிருந்து பிலோமினா அக்கா வந்தார். கையில் ஒரு பழைய செல்போன். "நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். "நீங்க வாசிக்கிற நேரத்துக்கு தெனம் இதுல அவனுக்கு ஃபோன் போட்டு ஜன்னல்ல வெச்சுடுவேன். முழுசும் கேப்பான். ஆதாம நீங்க சாவடிச்சீங்களே, அன்னைக்கு ஃபோன்ல அப்படிச் சிரிச்சான்."

ஹலோக்காரர் நிமிர்ந்தார். "கேட்டானா?"

"ஒருநாள்கூட உடல. அந்த ராஜா ஆத்தத் தாண்டினதையும் கேட்டான். அப்புறம் என்னா ஆச்சுன்னு அவனுக்கும் தெரியாது."

அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். சவ ஊர்வலத்தில்கூட அழாதவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வாசிக்கிறேன்" என்றார்.

அடுத்த அதிகாரத்தில் அந்த மகன் சாகிறான். நேராக ஃபாதரிடம் போனேன். அவரும் அதே கலக்கத்தில்தான் இருந்தார். "வேற எடத்துலேருந்து ஆரம்பிக்கச் சொல்லலாமா சார்?" என்றார். விடிவதற்கு முன்பே இருவரும் கோயில் வாசலில் போய் நின்றோம். ஹலோக்காரர் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இந்த ஒரு அதிகாரத்தை மட்டும் விட்டுடலாமே" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். "இதுதான் முதல் தடவ, முன்னாடியே படிச்சுப் பாத்தேன். ராஜாகிட்ட சேதி சொல்ல ரெண்டு பேரு ஓடியாறாங்க. மொத ஆளு புள்ள செத்தத சொல்ல முடியாம மழுப்புறான். எனக்கு அவன நல்லா தெரியும் சார். அன்னைக்கு ஆட்டோவுல நானும் அப்படித்தான உக்காந்திருந்தேன்? ஊருக்கே சொன்னவன் என் புள்ளைக்குச் சொல்லல. இன்னைக்காவது சொல்லிடறேன்."

ஃபாதர் கதவைத் திறந்துவிட்டார்.

அன்று அவர் மைக்கைத் தட்டவில்லை. நேராக வாசித்தார். எதிர்த்து வந்த மகனை என் பொருட்டு மெதுவாக நடத்துங்கள் என்று ராஜா படைவீரர்களிடம் கேட்டுக்கொண்டதை வாசித்தார். மரத்தில் சிக்கிய பையனை அவர்கள் கொன்றதை வாசித்தார். ஓடிவந்த இருவரிடமும் ராஜா வேறு எதையும் கேட்காமல், பிள்ளை நன்றாக இருக்கிறானா என்று மட்டும் கேட்டதை வாசித்தார். கடைசியில், உனக்குப் பதில் நான் செத்திருக்கக் கூடாதா என்று ராஜா அழும் இடம். அங்கே மகனே, மகனே என்று திரும்பத் திரும்ப வரும். ஹலோக்காரர் ஒன்றைக்கூட விடவில்லை. குரல் உடைந்தது. நிறுத்தி மூச்செடுத்துக்கொண்டு வாசித்தார். சாவுக்கும் தள்ளுபடிக்கும் வைத்திருந்த குரல் அல்ல அது. ஒரு சாதாரண மனிதரின் மெலிந்த குரல்.

நான் வெளியே வந்து உப்பளத்தைப் பார்த்தேன். யாரும் வேலை செய்யவில்லை. உப்பு வாரும் பலகையைப் பிடித்தபடி, பாத்தியில் நின்ற இடத்திலேயே அத்தனை பேரும் கோயில் பக்கம் திரும்பி நின்றார்கள்.

ஹலோக்காரர் வெளியே வந்தபோது அஞ்சலை சேற்றுக் காலோடு வாசலில் நின்றிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம் என்னாண்ணா பண்ணாரு அந்த ராஜா?"

"அழுதுனே இருந்தாரு. அப்புறம் ஆளுங்க வந்து, உன்ன நம்பி இத்தினி சனம் இருக்குதுன்னு சொன்னதும் எழுந்து வந்து ஊர் வாசல்ல உக்காந்தாரு."

"சாப்ட்டாரா?"

ஹலோக்காரர் யோசித்தார். "அது போடலம்மா."

"நீ சாப்ட்டியா?"

அஞ்சலை தன் தூக்குச் சட்டியைத் திறந்து அங்கேயே கோயில் படியில் வைத்தாள். பழைய சோறும் சுட்ட கருவாடும். ஹலோக்காரர் படியில் உட்கார்ந்து, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்த தலை நிமிராமல் அதைச் சாப்பிட்டார்.

பிறகு பைபிளைக் கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்தார் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனவன் அவர் வீட்டுக்கும் போனேன். ரொம்பவே தளர்ந்திருந்தார். கிளம்பும்போது ரோடு வரை கூடவே வந்து என் கையைப் பிடித்தவர், நான் ஷேர் ஆட்டோவில் ஏறும் வரை விடவில்லை. முதலில் வந்த ஆட்டோவில் இடம் இருந்தது. நான்தான் அதைப் போகச் சொல்லிவிட்டேன்.