பெரிய கமராவுக்கு ஒரு மசூறா

அன்று அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்: நான், என் மகள் ஹிமாயா, அவளுடைய கணவர் றஊப், என் தம்பி ஷரிபுதீன், பொத்துவிலிலிருந்து வந்திருந்த இஹ்ஸான், மேசையின் நடுவே தலையணை உறை விரித்து அமர்த்தப்பட்டிருந்த கமரா. கடைசியாகக் கூறியதையும் ஓர் ஆளாகக் கணக்கிட்டவர் மருமகன் றஊப்.

"ஆறு பேரும் வந்தாச்சு. பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குவம்" என்றார்.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் மணமுடித்த ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருகிறான். வீட்டின் உறுதிப் பத்திரம் ஹிமாயாவின் பெயரில் இருக்கிறது. வீடு என்னிடம் இருக்கிறது. நிந்தவூரிலிருந்து றஊப் வந்தபோது ஒரு பெட்டி உடுப்பும் ஒரு சிறிய கமராவும் கொண்டுவந்தார். முன்னறையை ஸ்டூடியோ ஆக்கிக் கல்யாணங்களுக்குப் படம் எடுத்தார். அந்தக் கமராவோடு எவருக்கும் பிணக்கு இருந்ததில்லை. சில வருடங்கள் கழித்து, "றஊப் ரெண்டாவதா ஒண்டக் கொழும்பால கூட்டி வந்திட்டாராம்" என்று ஊரில் பேச்சு எழுந்தது. நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு விசாரிக்கப் புறப்பட்டேன். விசாரித்ததில் அது கமரா என்று தெரிந்தது. கமராவாக இல்லாதிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும்.

அதற்கு மீடியம் ஃபோமட் என்று பெயர். சாதாரணக் கமராவின் உள்ளே ஒளி விழும் தகடு ஒரு தபால் முத்திரை அளவு என்றால், இதில் ஒரு தீப்பெட்டி அளவு. ஆகவே படம் பெரிது, எடை பெரிது, பெருமை மிகப் பெரிது. வேகம் மட்டும் சிறிது. அதற்கென்று செய்த வில்லைகளைத் தவிர வேறொன்றும் அதில் பொருந்தாது. தாய்வழிக் குடி பார்த்து மணமுடிக்கும் நாங்கள் ஒரே குடிக்குள் சம்பந்தம் செய்வதில்லை. இந்தக் கமராவோ தன் குடிக்கு வெளியே சம்பந்தமே செய்வதில்லை.

அந்த வில்லைகளில் ஒன்று அண்மையில் கிறீச்சிடத் தொடங்கியிருந்தது. பழுதுபார்க்கச் சிங்கப்பூருக்கு அனுப்பவேண்டும். அனுப்பி, இந்தப் பெரிய கமராவோடே காலம் தள்ளுவதா? அல்லது வில்லைகளோடு சேர்த்து அதை விற்றுவிட்டுச் சிறியதோடு அமைவதா? அதற்காகவே மசூறா. மசூறா என்றால் எல்லோரும் கூடிப் பேசி ஒரு முடிவை எடுப்பது. மருமகனார் விளங்கியிருந்தது, தாம் எடுத்த முடிவை எல்லோரையும் கூட்டிச் சொல்லவைப்பது.

அதற்கொரு ஏற்பாடும் செய்திருந்தார். இஹ்ஸான், அறுகம்பைப் பக்கத்து ஹொட்டேல்களுக்குப் படம் எடுப்பவர், கமரா அறிந்தவர். "இதை விற்பது மடமை" என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் வழக்கு முடிந்தது என்பது றஊப்பின் கணக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் கதைப்பதில்லை. ஒரே அறையில் இருந்தாலும் மகள் வழியாகவே கேள்வி போகும், மறுமொழி வரும். அது மரியாதை. றஊப் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அவரை நேராக ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஹிமாயாதான் தொடங்கினாள்.

"மச்சான், கோவிக்காம மறுமொழி சொல்லுங்க. கலியாண ஊட்டுல பொண்ணு இரிக்கிற அறைக்குள்ள நீங்க வர ஏலுமா?"

"அதெப்பிடி ஏலும்? பொம்புளயள் இரிக்கிற இடம்."

"பட்டு, நகை, மருதோன்றி எல்லாம் அங்கதானே இரிக்கு? அங்க சின்னக் கமராவோட நான் போறன். நீங்க பெரிய கமராவோட ஆம்புளப் பக்கம் நிக்கிறீங்க. அங்க என்ன இரிக்கு?"

றஊப் யோசித்தார். "ஆம்புளயள் இரிக்காங்க."

"வெள்ளச் சேட்டு இரிக்கு மச்சான். முன்னுக்கும் வெள்ளச் சேட்டு, பின்னுக்கும் வெள்ளச் சேட்டு. அத எடுக்கவா இம்மாம் பெரிய கமரா?"

"வெள்ளையிலயும் எத்தினையோ வெள்ள இரிக்கு புள்ள. சின்னக் கமராவுக்கு அது தெரியாது. இது ஒவ்வொண்டையும் பிரிச்சுக் காட்டும்."

"அப்ப சவக்காரக் கொம்பனிக்குக் குடுக்கலாம்" என்றான் ஷரிபுதீன்.

"சின்ன மாமா, கொஞ்சம் சும்மா இருங்க."

"நான் ஒனக்குத்தான் கதைக்கன் மருமோன். நல்ல விலைக்குப் போகும்."

ஹிமாயா விடவில்லை. "மருதமுனை மாப்பிளய நெனச்சுப் பாருங்க. கலியாணக் காவின்ல ஒப்பம் வெச்சிட்டு மனிசன் ஒருக்காச் சிரிச்சாரு. இது தேடித் தேடிக் கண்ணப் பிடிக்கக்குள்ள, அவர் சிரிச்சு முடிஞ்சு மாமனாரத் திரும்பிப் பாத்திட்டாரு. அல்பத்தில அந்த முகம்தான் இரிக்கு."

"அதுதானே அசல் முகம்" என்றான் ஷரிபுதீன்.

"கடல் காத்துக்குப் பூஞ்சணம் புடிக்கும் எண்டு அதுக்கொரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள்ள இரவும் பகலும் பல்பு. நானும் இந்தக் கடல் காத்துக்குள்ளதான் இரிக்கன். எனக்கு ஒரு பெட்டி அடிச்சுத் தந்தீங்களா?"

"நீ பூஞ்சணம் புடிக்கிற ஆளா? ஒனக்குப் பக்கத்தில பூஞ்சணம் வருமா?"

அது பாராட்டா என்பதில் அறையில் கருத்து வேறுபாடு இருந்தது. றஊப் அவசரமாகத் தம் சாட்சியை அழைத்தார்.

"இஹ்ஸான், நீங்க தொழில் தெரிஞ்ச ஆள். எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க. இப்பிடி ஒரு சாமான விக்கிறது சரியா?"

இஹ்ஸான் பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "வித்தா நான் எடுப்பன் நாநா. கடலையும் மலையையும் ஆற அமர நிண்டு எடுக்கிறவனுக்கு இது நல்ல சாமான். அதுக்குத்தானே ராத்தா ஃபோன்ல கோல் எடுத்து வரச்சொன்னா?"

மருமகனார் மனைவியைப் பார்த்தார். அவள் கோப்பைகளை அடுக்கினாள்.

சாட்சி கைவிட்டபின் அவரிடம் எஞ்சியது சுவர். அவர் எழுந்து போய், அங்கு தொங்கிய ஒரே படத்தின் அருகே நின்றார்.

அது அவருடைய தாய், என் சம்பந்தி சுபைறாவின் படம். மனித உருவம் வீட்டுச் சுவரில் தொங்க நான் இடம் கொடுப்பதில்லை. முன்னறை தொழில் செய்யும் இடம் என்பதால் அதற்கு மட்டும் விலக்களித்தேன். சுபைறா படத்துக்கு முகம் கொடுக்காத பெண். பழைய படம் ஒன்றிரண்டு இருந்ததையும் கடல் வந்தபோது கடல் கொண்டுபோயிற்று. மகன் கெஞ்சியதற்காக ஒரு ஹஜ்ஜுப் பெருநாளன்று மட்டும் நிந்தவூர் வீட்டு முற்றத்தில் கதிரையில் இருந்தார். அடுத்த பிறை காணுமுன் மௌத்தானார்.

"நீங்க என்னவும் சொல்லுங்க" என்றார் றஊப். குரல் இறங்கியிருந்தது. "ஊருக்குச் சேட்டுத்தான் எடுத்தன். ஏத்துக்கிறன். ஆனா இத எடுத்தது அந்தக் கமரா. உம்மாட முகத்தப் பாருங்க. என்னயே பாக்கிறா. பொண்ணு ஊட்டுக்கு வந்தபொறகு கிழமைக்கு ஒருக்காத்தான் போய்ப் பாத்தன். போனாலும் வாசல்ல நிண்டு கதைச்சிட்டு வந்திருவன். அப்பிடி இருந்தும் கடைசியா என்ன இப்பிடிப் பாத்திட்டுப் போயிரிக்கா. இத எனக்குத் தந்தத நான் எப்பிடி விப்பன்?"

எவரும் பேசவில்லை. அந்த மௌனத்தில் கமராவையும் சேர்த்து மூவருடையது மரியாதை. ஹிமாயாவுடையதும் என்னுடையதும் வேறு.

காரணம், சுவரில் இருந்தது பெரிய கமராவின் படம் அன்று.

பெருநாளன்று றஊப் முக்காலியை நிறுத்தி, வில்லையைத் திருகி, "அசையாதீங்க உம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுபைறா பொறுமையிழந்தார். ஓரமாகச் சின்னக் கமராவோடு நின்ற மருமகளைத் திரும்பிப் பார்த்து எதையோ கேட்டார். அந்த முகத்தை ஹிமாயா எடுத்தாள். தாய் போனபின், அந்த முகத்தைத் திரையில் பார்க்கத் தம்மால் ஏலாது என்று றஊப் எல்லாவற்றையும் அவளிடமே கொடுத்தார். நல்லதொன்றைத் தேர்ந்து பெரிதாக அச்சடிக்கச் சொன்னார். அவள் தேர்ந்தாள். பெரிய கமராவின் படம் சற்றே சதுரமாக இருக்கும் என்பதால், தன் படத்தின் ஓரங்களை வெட்டி அந்த அளவுக்குக் கொண்டுவந்தாள். என்னிடம் மட்டும் சொன்னாள். பொய்யை நான் ஆதரிப்பவள் அல்லள். இது சொல்லப்பட்ட பொய் அன்று. சொல்லாமல் விடப்பட்ட உண்மை. அப்படியே இருக்கட்டும் என்றேன்.

இப்போது ஒரே ஒரு வாக்கியத்தில் அவள் வழக்கை வென்றிருக்கலாம். கமரா அன்றே பொத்துவிலுக்குப் போயிருக்கும். ஹிமாயா அடுக்கிய கோப்பைகளைப் பார்த்தபடி சொன்னாள்:

"சரி மச்சான். விக்கத் தேவல்ல. வெச்சிருப்பம். லென்ஸ நாளைக்கே சிங்கப்பூருக்கு அனுப்புங்க."

றஊப் வென்றுவிட்டார். இந்த வீட்டில் அவர் வென்ற முதல் வழக்கு அது. வெற்றி பழக்கமில்லாதவர் அதோடு எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் என் தம்பிக்கு வாய் இருந்தது.

"அந்தளவுக்கு என்னதான் அதில இரிக்கு? பெரிசாக்கிக் காட்டு பாப்பம், மருமோன்."

"காட்டுறன். கண் மடல்ல ஒவ்வொரு மயிரா எண்ணலாம். இஹ்ஸான், நீங்களும் வாங்க."

"இப்ப என்னத்துக்கு?" என்றாள் ஹிமாயா. "அந்தக் கொம்பியூட்டர் சூடாகும். பெரிய ஃபைல். இஹ்ஸானுக்கு பஸ் போயிரும்."

"நிண்டு போவாரு."

"மகுரிபு தொழ நேரமாகுது."

"இன்னம் வெளிச்சம் இரிக்கு."

"அந்த மெமரி எங்கயோ வெச்சிட்டன் மச்சான்."

"என்ட மேசையில இரிக்கு." அதை எடுத்துச் செருகியும் விட்டார். இத்தனை காலமும் தொடத் துணியாததை, வென்ற துணிவில் தொட்டார்.

அப்போது நான் செய்தது வழக்கத்துக்கு மாறானது. மகளைப் பாராமல், நேராக அவரைப் பார்த்துச் சொன்னேன்:

"றஊப், அதைத் திறக்க வேண்டாம்."

அறை அதிர்ந்தது. ஷரிபுதீன் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினான். றஊப்பின் முகம் சிவந்தது. இரக்கத்தால் சொன்னது, அவர் காதில் சவாலாக விழுந்தது. இத்தனை வருடங்களுக்குப் பின் மாமி வாய்திறந்து தம்மை நேராகத் தடுப்பதென்றால், தம் கையின் வேலையை ஐயுறுகிறார் என்பதே அவர் கொண்ட பொருள். அவர் ஹிமாயாவின் பக்கம் திரும்பி, மரியாதை பிசகாமல் கூறினார்:

"மாமிட்டச் சொல்லு. அவவும் வந்து பாக்கட்டும்."

திறந்தார்.

அவ்வளவு பெரிய படம் உடனே வருவதில்லை. மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக வந்தது. முதலில் முற்றத்துத் தென்னையோலை. பின் வெள்ளை முக்காடு. பின் காது. காது மடலில் வரிசையாகக் குத்திய அலுக்குத்து. அதன் ஒவ்வொரு வளையத்திலும் பெருநாள் வெயில். பின், கன்னம். கன்னத்துக்கு அப்பால் கலங்கிய ஒரு பாதி முகம். அது படத்தின் ஓரத்துக்கு வெளியே நின்ற யாரையோ பார்த்துக்கொண்டிருந்தது.

றஊப் அடுத்த படத்துக்குப் போனார். அதிலும் காது. அடுத்ததிலும்.

ஏதாவது சொல்லவேண்டும் என்று எண்ணியிருக்கக்கூடும் இஹ்ஸான். "அலுக்குத்து நல்லாத் துலக்கமா வந்திரிக்கு நாநா" என்றார்.



றஊப் திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி திரையை. விளங்குவதற்கு அவருக்கு நெடுநேரம் தேவைப்படவில்லை. தொழில் தெரிந்தவர்.

"யாரப் பாக்கிறா?"

"என்னத்தான் மச்சான்."

"என்ன கேட்டா?"

"சாப்பிட்டியா புள்ள எண்டு கேட்டா. பொறகு…" ஹிமாயா நிறுத்தினாள். "அவன் சாப்பிட்டானா எண்டும் கேட்டா."

அந்த இரண்டாவது கேள்வி உண்மையில் கேட்கப்பட்டதா என்பதை நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லல்ல?"

"கேட்டிருந்தாச் சொல்லியிரிப்பன். நீங்க ஒருநாளும் கேக்கல்ல மச்சான். வாற போற ஆக்களுக்கெல்லாம் காட்டிக்கிட்டே இருந்தீங்க."

மருமகனார் கமராவின் பக்கம் திரும்பினார். கமராவிலிருந்து வில்லையைக் கழற்றினார். மெல்லிய துணியால் துடைத்து, மூடியைப் பொருத்தி, ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் வைத்துப் பையை மூடினார். ஒன்றையும் மறக்கவில்லை. பையைத் தூக்கி இஹ்ஸானின் மடியில் வைத்தார். விலை பேசப்படவில்லை, கேட்கும் துணிவு இஹ்ஸானுக்கும் இல்லை. அவர் அதைக் குழந்தையை ஏந்தியதுபோல் ஏந்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் என் மகளைப் பார்த்தேன். அவள் திரையில் எஞ்சியிருந்த காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

றஊப் வாசலில் குனிந்து செருப்பை மாட்டினார். நிந்தவூர்ப் பக்கம் போகும் வீதியில் இறங்கிப் போனார்.