ரேகைச் சாமியார் பார்த்த இரண்டு கைகள்

பஃபலோ ரோட்டில் மசாலாக் கடை மாடிக்கு ஒரு சாமியார் வந்து சேர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வரிசை தேக்கா சந்தை வரை நீளும். நிற்பவர்கள் எல்லாரும் அப்பாக்கள். ஆளுக்கொரு காகிதம், அதில் மகளின் உள்ளங்கை, மையில் பதித்தது. கன்னிப் பெண்கள் நேரில் வந்தால் சாமியாரின் தவம் கெட்டுவிடுமாம். அவ்வளவு உறுதியான தவம்.

ஒருவனுக்கு ஒருத்திதான் என்று சட்டம் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. பெண்கள் வேலைக்கும் கிளம்பிவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வராத அப்பாக்களுக்காகச் சாமியாரே வேண்டாம் என்று சொன்னார். தட்சிணை தனி.

செம்பவாங் கப்பல் பட்டறைக் கோவிந்தசாமிக்கும் அதே தவிப்பு. மகள் மங்களத்துக்குத் தாதிப் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. நாளைக்குள் அவர் கையெழுத்துப் போட வேண்டும். ரேகை பார்க்கலாம் என்றதும், மங்களம் மறுக்காமல் இரண்டு காகிதங்களை நீட்டினாள்.

"ஒண்ணு என்னோடது, ஒண்ணு தம்பியோடது. அவனுக்கும் பாத்துடுங்கப்பா."

மாடியில் கோவிந்தசாமி எது யாருடையது, மகள் எந்த வேலைக்குப் போகிறாள் என்று சொல்லி நீட்ட, சாமியார் தம்பியின் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நோய் தீர்க்குற கை. பெரிய டாக்டரா வருவான்."

மகளுடையதைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இந்தக் கை நோயாளியத் தொட்டா தகப்பன் உசுருக்கு ஆகாது. ஆஸ்பத்திரி மிஸ்ஸி வேலை வேணாம்."

கோவிந்தசாமிக்குப் பயமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அந்த நேரம் பார்த்து, கீழே காத்திருந்த மங்களம் படியேறி வந்தாள். தவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு காகிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ரேகையோடு ரேகை பொருந்தியது. சுண்டுவிரல் தழும்பு உட்படப் பொருந்தியது.

"ரெண்டும் என் கைதான்பா. அதுவும் இடது கை. ஆம்பளைக்கு வலது கைதான் பாக்கணும்னு சாமிக்கு யாரும் சொல்லித் தரலையா?"

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. சாமியாருக்குத் திடீரென்று பூசை நேரம் வந்துவிட்டது. பின்படி வழியாக இறங்கிப் போனார்.

கீழே ஒருவர் கோவிந்தசாமியைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, இனிமே பொண்ண என்ன சொல்லி நிறுத்துறது?"

"நம்ம வாயாலதான் சொல்லணும்லா. காரணத்தையும் நாமதான் கண்டுபிடிக்கணும்."

செம்பவாங் பஸ்ஸில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, வழி முழுக்க அந்தக் காரணத்தைத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. வீட்டுக்குப் போனதும் கையெழுத்துப் போட்டார். யோசித்தால் இப்படி ஆகிவிடும் என்று தெரிந்துதானோ என்னவோ, மற்ற அப்பாக்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு சாமியாரைத் தேடிப் போனார்கள்.