முன்னால் போகிற சைக்கிள்

அஞ்சலாட்சி ரோட்டின் இடது ஓரமாக, கோடு போட்டது போல் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலப்பக்கம் ஒரு முழம் தள்ளி, அவள் புருஷன் கோவிந்தசாமி சுவர் மாதிரி தன் சைக்கிளில் கூடவே வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு விழுப்புரம் பஸ். பஸ்ஸுக்குப் பின்னால் மூலகுளம் வரைக்கும் வண்டிகள். எல்லாமே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"ஏங்க, பின்னால பஸ்ஸு. எதுக்கு என்ன ஒட்டிக்கினே வர்றீங்க?"

"வரட்டும். இடிக்கறதா இருந்தா மொதல்ல என்ன இடிக்கட்டும்."

"நீங்க ஒதுங்குனா அவன் யாரையும் இடிக்க மாட்டான். ஒருத்தர் பின்னால ஒருத்தர்தான் போவணும்."

கோவிந்தசாமிக்கு இது புதுச் சட்டம். அவர் வேலை பார்த்த மில் ஓடிய காலத்தில் ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதினால், நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் மூன்று மூன்றாகக் கதை பேசிக்கொண்டு ரோட்டை அடைத்து வரும். பஸ்தான் ஓரங்கட்டி நிற்கும். மில்லை மூடி எத்தனையோ வருஷமாகி, இப்போது அவர் நெல்லித்தோப்பில் ஒரு பெயின்ட் கடைக்கு வாட்ச்மேன். ஆனாலும் சைக்கிளில் ஏறிவிட்டால், தன் பின்னால் இன்னும் முந்நூறு பேர் வருவதாகவே அவருக்கு நினைப்பு.

அப்படிப்பட்ட மனுஷருக்கு வந்த சோதனைதான், ஐம்பது வயதில் அஞ்சலாட்சி சைக்கிள் கற்றுக்கொண்டது. ரெட்டியார்பாளையத்திலிருந்து நெல்லித்தோப்புத் தையல் கம்பெனிக்கு ஷேர் டெம்போவில் போய்க்கொண்டிருந்தவள், மகள் ஸ்கூலுக்கு ஓட்டிய பழைய சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"வாணாம் அஞ்சல. போன மாசம் சிக்னல்ல வேன்காரன் இடிச்சி எனக்கே தாடையில ஆறு தையலு. நாப்பது வருஷமா ஓட்டறவன் நானு!"

"நான் பாத்துப் போறேங்க."

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் ஆசையாக நாலு வார்த்தை பேசியவரில்லை. அதற்காக ஆசை இல்லை என்று ஆகிவிடுமா? அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே அவருக்குக் கை கால் ஓடாது. அதனால்தான் முதல் நாளே சுவராகக் கிளம்பினார்.

மறுநாள் அவள் சொன்னபடி பின்னால் போனார். நெல்லித்தோப்பு சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவள் நின்றாள். சைக்கிளில் போகும்போது சிக்னலில் நின்றே பழக்கமில்லாத கோவிந்தசாமி நேராகப் போய் அவள் பின்சக்கரத்தில் முட்டினார். மட்கார்டு வளைந்தது. டிபன் பாக்ஸ் திறந்து, புளிச்சோறு நடு ரோட்டில் கொட்டியது.

"பிரேக்கு இல்லையா?"

"நீ எதுக்கு நின்ன?"

"செவப்பு வுழுந்துச்சு."

"அது வண்டிக்காரனுக்குடி!"

"நாம மட்டும் நடந்தா போறோம்? வர்றதா இருந்தா பிரேக்க சரி பண்ணிக்கினு வாங்க. இல்லாங்காட்டி வராதீங்க."

அன்று மாலையே பிரேக் கட்டைகளை மாற்றினார். மூன்றாம் நாள் இடைவெளி விட்டுத்தான் வந்தார். வந்தவர் சும்மா வந்திருக்கலாம்.

"அஞ்சல! லாரி! லாரி வருது! ஒதுங்கு!"

லாரி தன் பாட்டுக்குத் தள்ளித்தான் போயிற்று. ஆனால் அந்தச் சத்தத்தில் பதறிப்போன அஞ்சலாட்சி ஒதுங்கி, ஒதுங்கி, யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் மேட்டில் ஏறி விழுந்தாள்.

"பாத்தியா, லாரிக்காரன!"

"லாரி இன்னா பண்ணுச்சு? நீங்க கத்துன கத்துலதான் வுழுந்தேன். நாளையிலேர்ந்து நான் தனியாப் போறேன்."

அவள் முழங்காலில் ரத்தம் கசிந்தது. கோவிந்தசாமி ரோட்டோரத்தில் உட்கார்ந்து, தன் துண்டை நனைத்துத் துடைத்துவிட்டார். இந்தக் காயத்துக்குக் காரணம் தானே என்ற நினைப்பு அவரை விடவில்லை.

கூட வரக்கூடாது என்றால், தெரியாமல் வருவது. அதற்குத் தடை ஒன்றுமில்லையே! பக்கத்து வீட்டுச் சிலம்பரசனிடம் மூஞ்சியை மூடும் பைக் ஹெல்மெட்டை இரவல் வாங்கினார். பழைய மில் கூட்டாளி பக்கிரியிடம் சைக்கிளை மாற்றிக்கொண்டார். நாலாம் நாளிலிருந்து இருபது கஜம் பின்னால், அவள் கண்ணில் படாமல் போகத் தொடங்கினார்.

அது பெரிய தண்டனை. முந்தினால் அவள் பார்த்துவிடுவாள் என்பதால் அவள் வேகத்துக்கே மிதிக்க வேண்டும். அவள் ஓரமாகப் போனால் இவரும் ஓரம். அவள் நின்றால் இவரும் நிற்க வேண்டும். அவள் கை காட்டித் திரும்பினால், பின்னால் வருகிறவன் தன்மேல் ஏறிவிடாமலிருக்க இவரும் கை காட்ட வேண்டும். நாற்பது வருஷத்தில் காட்டாத கை, கூச்சப்பட்டுக்கொண்டுதான் நீண்டது. ஹெல்மெட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் அவள் கம்பெனி கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டால், அன்றைக்கு அவருக்கு வேறொன்றும் வேண்டாம்.

இப்படி எட்டு நாள் ஓடியது. எட்டாம் நாள் சிக்னலில் பச்சை விழ, அஞ்சலாட்சி கிளம்ப, இவரும் பெடலில் கால் வைத்தார். சைக்கிள் நகரவில்லை. அங்கே பூ விற்கும் தனக்கொடி கேரியரைப் பிடித்திருந்தாள்.

"எட்டு நாளா பாக்கறேன்! அந்தம்மா நின்னா நிக்கற, போனா போற. மூஞ்சிய வேற மூடிக்கினு! சார், இங்க வாங்க!"

"ஏம்மா, அது என் பொண்டாட்டிம்மா!"

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்றானுங்க!"

கூட்டம் கூடியது. சிவப்புத் தொப்பியைச் சரிசெய்தபடி டிராஃபிக் கான்ஸ்டபிள் அன்பழகன் வந்தார்.

"வுடு தனக்கொடி. அவரு அந்தம்மா வூட்டுக்காரருதான்."

கோவிந்தசாமி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"உங்களுக்கு எப்பிடி சார் தெரியும்?"

"அந்தம்மாதான் சொன்னாங்க. ஹெல்மெட் மாட்டிக்கினு ஒருத்தரு பின்னாலயே வருவாரு, தப்பா நெனச்சிப் புடிச்சிடாதீங்கன்னு."

கோவிந்தசாமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. தெரிந்தும் தெரியாதவள் போலவா இத்தனை நாள் போனாள்?

"இன்னா பண்றது சார்? அவளுக்கு சைக்கிள்னா அம்மாம் ஆச. வாணாம்னா மனசு ஒடஞ்சிடும். மக கல்யாணமாகிப் போயிட்டா. இப்ப அவள வுட்டா எனக்கு யாரும் இல்ல சார். அதான் காவலுக்கு வர்றேன்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. சிக்னலைத் தாண்டி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு அஞ்சலாட்சி ஓரமாகக் காத்திருந்தாள். அன்பழகன் அவளைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"ஆசையா? சைக்கிள்ல ஏறுனாலே அவங்களுக்குக் கை நடுங்குது பெரியவரே; அவங்க முன்னால போனாதான் நீங்க செவப்புல நிப்பீங்கன்னு, டெம்போவ வுட்டுட்டு தெனம் வர்றாங்க."