மாப்பிள்ளை பிடித்த சிக்னல்

பெண் வீட்டார் வந்திருக்கும்போது மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு மிக்சரைத் தின்றால் போதும், பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கன்னிவாடியிலிருந்து ஜெசிந்தாவும் அவள் அப்பாவும் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். (பெண் வரும் வழக்கமில்லைதான். "குடியிருக்கப் போறது நானு, நான் பாக்க வேணாமா?" என்று கிளம்பிவிட்டாளாம்.) அவள் கணக்கு டீச்சர். போட்டோவைப் பார்த்த அன்றே நான் காலி. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

அது அக்டோபர், ஜெபமாலை மாதம். பக்கத்துத் தெரு மாதா கோயிலில் அன்று முன்னின்று ஜெபமாலை சொல்வது அம்மாவின் முறை. "செத்த நேரம் பேசிக்கிட்டு இருங்க, சொல்லிட்டு வந்திடுறேன்" என்று போய்விட்டார்.

"மாடியில என்ன தம்பி, அம்புட்டுப் பெரிய சட்டி?" என்றார் ஜெசிந்தாவின் அப்பா.

கேட்டாரே ஒரு கேள்வி! எங்கோ ஒரு நட்சத்திரத்துப் பக்கம் யாராவது இருந்து ரேடியோவில் பேசினால் கேட்பதற்காக நான் மாட்டிய டிஷ் அது என்றேன்.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்திடலாம்ல?"

"முடியாது மாமா." (நிச்சயமே ஆகவில்லை, எனக்கு அவசரம்.) "இருக்கிற ராக்கெட்டுல போனா, பக்கத்து நட்சத்திரத்துக்கே பல்லாயிரம் வருஷம் ஆகும். வெளிச்சத்துக்கே நாலு வருஷத்துக்கு மேல. அதான் உக்காந்த எடத்துல காது குடுக்குறோம்."

சொல்லும்போதே எனக்குச் சிலிர்த்தது, இன்றும் சிலிர்க்கும். கால் எட்டாத இடத்துக்குக் காதை நீட்டி, பதில் வருமா என்றே தெரியாமல் ஆயுள் முழுக்கக் காத்திருக்கும் விஞ்ஞானிகளைவிட நம்பிக்கைக்காரர்கள் உலகத்தில் கிடையாது. நானும் அந்த வரிசையில் ஒருவன் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிஷ்ஷில் விழுவதைக் கோடாக வரையும் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். வழக்கமாகப் பூசணம் பிடித்த சுவர் போலிருக்கும் திரையில், அன்று பளிச்சென்று கோடுகள். ஒரு நீளக் கோடு. அப்புறம் ஒரே அளவில் பத்து. கடைசியில் ஒரு குட்டி. மறுபடியும் நீளம், பத்து, குட்டி.

"மாமா! இது தானா வர்றதில்ல. எண்ணத் தெரிஞ்ச யாரோ அனுப்புறாங்க. பத்துப் பத்தா எண்ணுறாங்கன்னா, அவங்களுக்கும் பத்து விரலு!"

அவர் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜெசிந்தா மட்டும் திரையைப் பார்த்தபடி விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். "இப்பக் குட்டி வரும்" என்றாள். வந்தது. "அடுத்தது நீளம்." அதுவும் வந்தது. வேற்றுக்கிரகத்தார் அடுத்து என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே சொல்கிறாளே! நான் அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"பெரிய மணிக்கு நீள ஜெபம் ஒண்ணு, சின்ன மணிக்குப் பத்து, முடிவுல ஒரு குட்டி ஜெபம். ஜெபமாலையில இப்படி அஞ்சு சுத்து; மூணாவது தேவ ரகசியம் முடிஞ்சிருச்சு. சத்தத்தை வச்சுப் பாருங்க."

வைத்தேன். கரகரவென்று அம்மாவின் குரல் கேட்டது: "பின்னால யாருப்பா, அந்த ஃபேனைப் போடுங்க."

என் மலிவு ரிசீவர் கோயிலின் கார்ட்லெஸ் மைக்கைப் பிடித்திருக்கிறது. (கல்லூரி நாளிலிருந்தே ஜெபமாலைக்கு டிமிக்கி கொடுத்தவனுக்கு அந்தப் பத்துக் கணக்கு எங்கே நினைவு வரும்?)

மாமா மெதுவாக உட்கார்ந்தார். "பெத்த தாயவே வேத்துக்கிரகத்துல சேத்துட்டாரே" என்று மகளைப் பார்த்தார். சம்பந்தம் போச்சு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டார். "வருஷக்கணக்கா வாடா வாடான்னு கூப்பிடுறேன், வரல. இப்பச் சட்டிய வச்சுக் கேட்டிருக்கான். எப்படிக் கேட்டா என்ன, கேட்டாச் சரி."

ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் மிக்சர் தட்டு கவிழ்ந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் தன் அப்பாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "வருமோ வராதோங்கிற பேச்சுக்கே இம்புட்டுக் காது குடுக்குற ஆளு, நாஞ் சொன்னா கேக்க மாட்டாரா? சரின்னு சொல்லிருங்கப்பா."

இப்போதும் அக்டோபர் வந்தால், அம்மாவும் ஜெசிந்தாவும் முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்கள். அம்மா மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "ஏலே, வேத்துக்கிரகம் கெளம்பிருச்சு. நேர்ல வர்றியா, சட்டியிலேயே கேட்டுக்கிறியா?"