எப்போது சொன்னாய்?

செய்தித்தாளில் உதவி ஆசிரியராக இருந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்காமல் எதையும் நம்ப மாட்டார்கள். சாம்பாரில் உப்பு இல்லை என்று கணவர் சொன்னால், மகளிடம் உறுதி செய்துகொண்ட பிறகுதான் உப்பைத் தொடுவேன். என் பள்ளி ஆசிரியை வேலையைக் கொன்றது இந்த வியாதிதான்.

திருச்சியில் நான் இருந்த நாளிதழ் ஆள்குறைப்புச் செய்தபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பியது. கணவருக்கு வைட்ஃபீல்டில் வேலை, அதனால் பெங்களூர். கல்யாணத்துக்கு முன் வாங்கிய இயற்பியல் பட்டத்தையும் பி.எட்.டையும் தூசி தட்டி, அல்சூரில் ஒரு சிறிய பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தற்காலிக ஆசிரியை ஆனேன். தாளாளர் ஒருநாள் வகுப்பில் வந்து உட்காருவார். அவருக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அந்த மாதத்தோடு சரி.

அவர் வந்த நாளில் மழை. வகுப்பில் டியூப்லைட் எரிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பாடம்: வேலை. விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் வேலை, W = Fs; அலகு ஜூல். சமன்பாட்டில் ஓர் எழுத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகச் சொன்னால், வீட்டைக் காலி செய்யச் சொன்னதுபோல அந்த வகுப்பு திகைத்துப்போகும். அதனால் செய்முறையாகவே காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். (சொந்தப் புத்தி.)

முன்பெஞ்சு ரேவதியை அழைத்தேன். அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஏழாவது வரை கன்னட வழியில் படித்தவள். அவளுடைய புத்தகப் பையையே கை நீட்டித் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன்.

"அசையாம நில்லு. பையும் அசையல, நீயும் அசையல. இப்போ நீ செய்யற வேலை எவ்வளவு?"

"சொன்னே மிஸ்."

(என் காதில் விழுந்தது: 'சொன்னேன் மிஸ்'.)

"எப்போ சொன்னே?"

"இப்போ மிஸ். இப்போ சொன்னே."

"எனக்குக் கேட்கலையே. மறுபடி சொல்லு."

"சொன்னே."

"சொன்னேன் சொன்னேன்னா என்ன அர்த்தம்? பதில் எங்கே?"

"அதான் மிஸ் பதில்."

வகுப்பு சிரித்தது. பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "மிஸ், அவ கரெக்டாதான் சொன்னா" என்றான். "நீ எப்போ கேட்டே?" என்று அவனையும் விசாரித்தேன். தாளாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டிப்பான ஆசிரியை என்று மெச்சுகிறார் என எடுத்துக்கொண்டேன்.

"மிஸ், கை நோவுது மிஸ்."

"பதில் சொல்லிட்டுக் கீழே வை."

அவள் பையை மறு கைக்கு மாற்றப் பார்த்தாள். பை விழுந்தது. டிபன் பாக்ஸ் திறந்து, சித்ரான்னம் தாளாளரின் செருப்புவரை சிதறியது. அன்றைய வகுப்பில் உருப்படியாக நடந்த ஒரே வேலை அதுதான். அதையும் புவியீர்ப்பு விசைதான் செய்தது.

தாளாளர் எழுந்து செருப்பை உதறினார்.

"ஏம்மா, கன்னடத்துல 'சொன்னே'ன்னா ஜீரோ. அந்தப் பொண்ணு அத்தனை தடவையும் கரெக்டா சொல்லிச்சு. பாடம் அவளுக்குப் புரிஞ்சிருக்கு. அவ சொன்னதுதான் உங்களுக்குப் புரியல."

அப்போதுதான் இன்னொன்றும் விளங்கியது. பரீட்சைத் தாள் கொடுக்கும் நாட்களில், மார்க் எவ்வளவு என்று தோழிகள் கேட்டால் சில பிள்ளைகள் 'சொன்னே' என்பார்கள். மதிப்பெண்ணைத் திரும்பத் திரும்ப வெளியே சொல்லிக்கொள்ளாத அடக்கமான குழந்தைகள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மாதக் கடைசியில் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். "ஊரைக் கொஞ்சம் கத்துக்கிட்டு வாங்கம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

ரேவதி அதன் பிறகு எந்தக் கேள்விக்கும் கை தூக்கவில்லை. கடைசி நாள் மாடிப்படியில் அவளை நிறுத்தினேன்.

"உன் பதில் சரிம்மா. எனக்குத்தான் புரியல. மனசுல வெச்சுக்காதே."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பரவால்ல மிஸ். அப்பவே சொன்னே" என்று முணுமுணுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

தமிழா, கன்னடமா என்று கேட்க வாய்வரை வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, உறுதி செய்யாமல் விட்டேன்.

இப்போது வீட்டிலிருந்தபடி பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். கணவரிடம் வாக்குவாதம் முற்றி, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தால் போதும், உள்ளறையிலிருந்து மகளின் குரல் வரும்:

"எத்தனை ஜூல்மா?"

சண்டை அங்கேயே நின்றுவிடும். ஜெயித்தது யார் என்று கேட்டால், ரேவதி சொன்ன அதே பதிலைத்தான் சொல்ல வேண்டும்.